கடலை வறுத்த மண்

– அப்ப அந்த நாலு இஞ்சு பிவிசி பைப்புக்குக் கடையில வளைஞ்ச பெண்டு வாங்கி மாட்டிட்டாங்களா, அண்ணாச்சி?

– மாட்டுனாங்க, மாட்டுனாங்க. சூப்பர்வைசர் டில்லிபாபு ஆள் அனுப்பி நாலு பெண்டு வாங்கியாந்தான். கேபிளை உள்ள வுட்டா மூலையில போய் முட்டிக்கினு நிக்குது. கை மொத்தத்துக்குக் கேபிளு, அந்தக் குட்டி வளைவுல எங்க திரும்பும்? மூணு பேரு சேந்து இழுத்தோம். தோலு உரிஞ்சதுதான் மிச்சம். அப்பால எல்லாத்தையும் கயட்டிப் போட்டுட்டான்.

– நான் அன்னைக்கே சொன்னேம்லா. வளைவு சாவகாசமா, பெருசா இருக்கணும். நம்மளே சூடு பண்ணி வளைச்சாத்தான் அது கிடைக்கும்.

– இப்ப யாரு வளைக்கறது கொம்பையா? நான் ஹீட் கன்னைக் கையில எடுத்தாலே சேஃப்டி ஆபீசர் பின்னாடி வந்து நின்னுக்கறாரு. ஸ்பிரிங் வுட்டு வளைக்கற முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு, அது மட்டும் செய்யுங்கன்றாரு. நாலு இஞ்சுக்கு எவன் ஸ்பிரிங் வச்சிருக்கான்? மண்ணு ரொப்பாம சூடு பண்ணா பைப்பு வளைவுல சப்பையாப் பூடும் சார்னேன். மண்ணுன்னு வாயைத் தொறந்ததும் மூஞ்சே மாறிப்போச்சு அவருக்கு.

– மாறத்தானே செய்யும். என் மூஞ்சியப் பாத்தவருல்லா.

– வுடுபா. அந்தப் பேச்சு எதுக்கு.

– சும்மா சொன்னேன். சூடு காட்டும்போது பைப்பை உருட்டிக்கிட்டே இருக்கணும்னு அந்த வடக்கத்திப் பயலுகளுக்குச் சொல்லிக் குடுங்க. ஒரே இடத்துல நெருப்பைக் காட்டிக்கிட்டு நின்னா கருத்துப் போயிரும். நான் இல்லன்னு வேலை கெட்டுப் போச்சுன்னு சொல்லக் கூடாது.

– ஒரு மாசம் ஆச்சு, நீ கடைசியா சூடு காட்டுன பைப்பு போட்ட எடத்துலயே கெடக்குது. யாரும் தொடல.

– அண்ணாச்சி, கொஞ்சம் பேசாம இருங்க. கீழ சத்தம் கேக்குதா?

– இன்னா சத்தம்?

– வாணலியில கரண்டி போவுது. பேச்சி கடலை வறுக்கா. ஆஸ்பத்திரியில இருந்து நான் வீட்டுக்கு வந்து இருபத்திமூணு நாளாச்சு. கடலை வண்டியை அவ தொடவே இல்ல. இன்னைக்குத்தான் அடுப்பைப் பத்த வச்சிருக்கா. நீங்க வந்திருக்கீகள்லா, அதான்.

– எனக்கா? எதுக்குபா இதெல்லாம்?

– அன்னைக்கு என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு கம்பெனி கேட்டு வரைக்கும் ஓடுனது நீங்கதானே. அதை அவ மறக்க மாட்டா. கரண்டி ஓடுற வரைக்கும் மேல வர மாட்டா. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிடுதேன்.

– கேளு.

– நாளைக்கு விசாரணையில உங்களை என்ன கேப்பாங்க?

– இன்னா கேப்பாங்க? பைப்புல ரொப்புன மண்ணு எங்கேருந்து வந்துது, யாரு ரொப்புனது, ஈரமா இருந்துதா. இதான்.

– என்ன சொல்லப் போறீக?

– நடந்ததைச் சொல்றேன். மண்ணு கொம்பையா வூட்டு மண்ணு சார். அவன் பொண்டாட்டி நம்ம கேட்டாண்ட வண்டி போட்டுக் கடலை வறுத்து விக்குது. வறுத்து வறுத்துப் பழசான மண்ணை இவனுக்கு ஒரு டின்னுல போட்டு வச்சிருக்கும். சாயங்காலம் இவன் வூட்டுக்குத் திருப்பி எடுத்துக்கினு போனா, அது மறுபடி வாணலியில போட்டு வறுத்து, சுடச்சுடக் காலையில குடுக்கும். நாலு வருசமா அதுலதான் வளைக்கறோம். சைட்டுல கீற மண்ணு மழையில நனைஞ்சு கெடக்கும், அதைக் காய வைக்கவே ஒரு சிலிண்டர் கேஸ் பூடும். இது அப்படியில்ல. அன்னைக்கு மட்டும் எப்படியோ அதுல ஈரம் இருந்துக்குது. சூடு ஏறசொல்ல உள்ள ஆவி கட்டிக்கிச்சு. பைப்பு வாயை அடைச்சிருந்த கட்டை பிச்சிக்கினு வந்து, கொதிக்கற மண்ணோட அவன் மூஞ்சியில அடிச்சுது. இப்படித்தான் சொல்லப் போறேன். இதுல பொய் இன்னா கீது?

– பொய் இல்ல அண்ணாச்சி. அதான் எனக்குப் பயமா இருக்கு.

– இன்னா சொல்ற நீ?

– வீட்டு மண்ணுங்கிற வார்த்தையை மட்டும் விட்டுருங்க. சைட்டுல கிடந்த குவியல்ல அள்ளுனதுன்னு சொல்லுங்க. முந்தின நாளு மழை பெஞ்சது எல்லாருக்கும் தெரியும். யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்க.

– ஒரு கேள்வி கேப்பான். யாரு அள்ளுனதுன்னு கேப்பான்.

– கேப்பான்.

– நீ அள்ளுனேன்னு சொல்லட்டா?

– நான் அள்ளுனதா சொன்னா பேச்சி நம்ப மாட்டா. அவ மண்ணைத் தவிர வேற மண்ணைக் கையால தொட மாட்டேன்னு நாலு வருசமா அவகிட்ட பெருமை அடிச்சிருக்கேன்.

– அப்ப நான் அள்ளுனது.

– உங்ககிட்ட இப்படிக் கேக்க எனக்கு வாய் கூசுது அண்ணாச்சி.

– நல்லா கேட்டபா. இருபத்திரெண்டு வருசமா பைப்பு வேலை செய்றேன். என்கூட நின்ன ஒருத்தனுக்கு நகம் பேந்தது கிடையாது. ஈர மண்ணை அள்ளிப் போட்டான் கோதண்டராமன்னு எழுதிட்டா, மறுநாளே கேட் பாஸைப் புடுங்கிக்கினு வெளிய நிறுத்துவான். வல்லத்துல, ஒரகடத்துல அப்பால எந்தக் கம்பெனி கேட்டு எனக்குத் தொறக்கும்? ஒருத்தன் கண்ணைக் கெடுத்தவன்னு எங்க ஊரு மணிமங்கலம் பூரா பேசுவாங்க. கெளம்பசொல்லவே வூட்டுல செங்கமலம் சொல்லித்தான் அனுப்புனா. பாவம் பாத்துக்கினு எதையாவது ஒத்துக்கினு வராதே, நடந்ததைச் சொல்லிட்டு வான்னு.

– மதினி சொன்னது நியாயந்தான்.

– அப்பறம் ஏன் கேக்கற?

– நாளைக்கு நீங்க சொல்றதை எழுதி என்கிட்ட கொண்டு வருவாங்களாம். எனக்குக் கண்ணு தெரியாதுல்லா, பேச்சிதான் அதைச் சத்தமா எனக்கு வாசிச்சுக் காட்டணுமாம். கேட்டுட்டேன்னு நான் ரேகை வைக்கணும். பக்கத்துல அவ கையெழுத்துப் போடணும். டில்லிபாபு போன்ல சொன்னாரு. மனைவி கொடுத்த மண்ணுல ஈரம் இருந்ததுன்னு அவ வாயால எனக்கு வாசிக்கணும் அண்ணாச்சி. வாசிச்சிட்டு அவ உசிரோட இருப்பாளா?

– அவளுக்குத் தெரியாதா அது அவ மண்ணுன்னு?

– கட்டுப் போட்டுக் கிடக்கையில அவ கேட்ட முதக் கேள்வியே அதுதான். என் டின்னு மண்ணான்னு கேட்டா. இல்லட்டி, உன் மண்ணு காலையில ஒரு பைப்புக்கே தீந்து போச்சு, இது சைட்டு மண்ணுன்னு சொல்லிட்டேன். நம்பிட்டா. யாரு அள்ளுனதுன்னு அவ கேக்கல. நானும் சொல்லல.

– ஆனா எப்படிபா? அதான் எனக்குப் புரிய மாட்டேங்குது. நான் டின்னுல கையை வச்சுப் பாத்தேனே. காஞ்சுதானே இருந்துது. அந்த மண்ணுல எனக்குத் தெரிஞ்ச ஒரே தொந்தரவு கடலைத் தோலு. பைப்புக்குள்ள அங்கங்க ஒட்டிக்கும். மத்தபடி அதைப் போல மண்ணு கிடைக்காது. கட்டையில ஆவி போவ ஓட்டை போடணும்ல? மொதல்ல எல்லாம் போடுவேன். உன் வூட்டு மண்ணு வந்ததுல இருந்து ஓட்டை போடறதையே வுட்டுட்டேன். அவ்ளோ நம்பிக்கை.

– நீங்க மேல கையை வச்சுப் பாத்தீக. மேல காஞ்சுதான் இருந்துச்சு. அடி வரைக்கும் விட்டுப் பாத்தீகளா?

– இல்ல.

– நானும் பாக்கல. நாலு வருசத்துல ஒரு நாளும் பாத்தது இல்லியே. ஆனா அன்னைக்கு நான் பாத்திருக்கணும். ஏன்னா முந்தின நாளு சாயந்தரம் அவ குழாயடியில உக்காந்து அந்த மண்ணைக் கழுவிக்கிட்டு இருந்தா. என் கண்ணால பாத்தேன்.

– கழுவுனாளா? வறுத்த மண்ணை எதுக்குக் கழுவுனா?

– இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. கேட்டுருக்கலாம். ஆனா அப்ப எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. சங்கரன்கோவில்ல எங்க தெருக் கோயில் கொடைக்குப் போவணும்னு நின்னா. எனக்கு லீவு இல்லன்னேன். மூணு நாளா ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கிடந்தோம். மறுநாள் விடிய டின்னைத் தூக்குதேன், சூடே இல்ல, கனமா இருக்கு. எப்பவும் இருக்குறதை விடக் கனம். என்னட்டி இவ்வளவு கனமா இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அவதான் முதல்ல பேசணும்னு எனக்கு வீம்பு. அந்த வீம்புக்குத்தான் ரெண்டு கண்ணையும் குடுத்தேன். இதுல அவ மேல என்ன குத்தம், சொல்லுங்க.

– அவ மேல குத்தம்னு நான் சொல்லவே இல்லியே.

– அந்தத் தாள் சொல்லும்.

– கொம்பையா, இதோ பாரு. கட்டையில ஓட்டை போடலன்னு நானே சொல்லிடறேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். அதுக்கு வர்றது வரட்டும். ஆனா மண்ணு விஷயத்துல பொய் சொல்ல என்னால ஆவாது. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லிக்கினு ஊர்ல எப்படி நடமாடுவேன்?

– சரி அண்ணாச்சி.

– கோவமா?

– கோவம் எதுக்கு? உங்க இடத்துல நான் இருந்தா நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். கரண்டி நின்னு போச்சு. வாரா. பேச்சை மாத்துங்க.

– என்ன, ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தீக, நான் வந்ததும் வாயை மூடிட்டீக?

– ஒண்ணுமில்ல பேச்சி, அந்த நாலு இஞ்சு பைப்பைப் பத்தித்தான்.

– கண்ணு போயும் அந்தப் பைப்பை விட மாட்டாக இவுக. இந்தாங்கண்ணே, கடலை. பொட்டலத்தை அடியில பிடிச்சுக்கிடுங்க, சூடு. மண்ணு புது மண்ணு, அதனால முதத் தடவை கொஞ்சம் மண்வாசம் அடிக்கும். வீட்டுல மதினிக்கும் குடுங்க.

– எதுக்கும்மா உனக்கு சிரமம். நான் கெளம்பறேன். வரேன் கொம்பையா.

– போயிட்டு வாங்க அண்ணாச்சி. பேச்சி, படியில குடமெல்லாம் கிடக்கும். அவுக வண்டி வரைக்கும் கூடப் போய் அனுப்பிட்டு வா.

– நானே போகணும்னுதான் இருந்தேன். வாங்கண்ணே.

*

– இங்கன அடுப்புக்கிட்ட நில்லுங்கண்ணே. இங்க நின்னு பேசுனா மேல அவுகளுக்குக் கேக்காது.

– இன்னாம்மா? சொல்லு.

– நாளைக்கு நீங்க சொல்றதை நான்தான் அவுகளுக்கு வாசிக்கணுமாம்.

– தெரியும். சொன்னான்.

– வீட்டு மண்ணுன்னு சொல்லிராதீங்கண்ணே. உங்க காலுல வேணாலும் விழுதேன்.

– ஏம்மா, அது சைட்டு மண்ணுன்னு கொம்பையா உன்னாண்ட சொன்னானாமே?

– சொன்னாக. பாவம், அவுக அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காக. வேலை மும்முரத்துல எந்த மண்ணு எதுல போச்சுன்னு அவுகளுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது? எனக்குல்லா தெரியும். அந்த டின்னு மண்ணை முந்தின நாளு நான் கழுவிட்டேன்.

– எதுக்கும்மா கழுவுன?

– நீங்க சொன்னீகளேண்ணே.

– நானா? நான் இன்னா சொன்னேன்?

– கம்பெனி கேட்டுக்கிட்ட வண்டி போட்டிருந்தேன். கடலை வாங்க வந்தீக. பேச்சி, உன் மண்ணுல தோலு கிடக்கு, பைப்புக்குள்ள ஒட்டிக்கிட்டு கேபிள் இழுக்கும்போது மாட்டுது, உன் வீட்டுக்காரனுக்கு நல்ல மண்ணாக் குடுக்கக் கூடாதான்னீக. தமாசாத்தான் சொன்னீக. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்குத்தான் மனசு கேக்கல. அவுக வேலைக்குக் கொண்டு போற மண்ணு, அதை நாலு பேரு குறை சொல்லக் கூடாதேன்னு சலிச்சுப் பாத்தேன். பொடித் தோலு சலிப்புல போவல. தண்ணியில போட்டேன், எல்லாம் மிதந்துட்டு வந்துச்சு. அடுப்புப் பக்கத்துல தகரத்துல பரத்தி வச்சேன். மேல காஞ்சிருந்துச்சு. காலையில வாணலியில போட்டு நல்லா வறுத்துக் குடுக்கணும்னுதான் டின்னுல அள்ளி வச்சேன்.

– அப்பறம்?

– விடியும்போதே தண்ணி லாரி வந்துட்டு. குடத்தைத் தூக்கிட்டு ஓடிட்டேன். வரிசையில நிக்கேன், அவுக சைக்கிள்ல டின்னை வச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் போறாக. இந்தா, அது இன்னும் காயலன்னு அங்கன நின்னே ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். மூணு நாளா அவுக என்கூடப் பேசல. நான் மட்டும் ஏன் முதல்ல பேசணும்னு நின்னேன். சைட்டுல பாத்துக்கிடுவாகன்னு நெனச்சேன். என்னைத் திரும்பிப் பாத்தாகண்ணே. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அவுக கண்ணு என்னைக் கடைசியாப் பாத்தது அப்படித்தான்.

– அழாதம்மா. மேல கேக்கப் போவுது.

– இது தெரிஞ்சா அவுக என்னைத் திட்ட மாட்டாக. அடிக்க மாட்டாக. சும்மா சுவரைப் பாத்து உக்காந்திருப்பாக. அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அதான் கேக்கேன். வேற என்ன வேணாலும் சொல்லுங்க. வீட்டு மண்ணுங்கிற வார்த்தை மட்டும் அந்தத் தாள்ல வேண்டாம்.

– வராதும்மா.

– நீங்க சொன்னா எழுதத்தானே செய்வாங்க?

– நான் ஏன் சொல்லப் போறேன்? அது வூட்டு மண்ணே கிடையாதே.

– என்னண்ணே சொல்லுதீக?

– கொம்பையா சொன்னதுதான் நெசம். உன் மண்ணு காலையில ரெண்டு இஞ்சு பைப்புக்குப் போச்சு. பிசைஞ்ச மாவு கணக்கா வளைஞ்சு குடுத்துது. ஒண்ணும் ஆவல. நாலு இஞ்சுக்கு மண்ணு பத்தல. அதுக்குக் குவியல்ல இருந்துதான் அள்ளுனது.

– என் மண்ணு ஈரமா இருந்துச்சேண்ணே. அதுல எப்படி ஒண்ணும் ஆவாம இருக்கும்?

– ஈரம் இல்லம்மா. நான் கையை வுட்டுப் பாத்தேன்.

– மேலயா, அடி வரைக்குமா?

– அடி வரைக்கும். பொலபொலன்னு இருந்துது. தகரத்துல பரத்துனேன்றியே, அடுப்புச் சூட்டுலயே காஞ்சிருக்கும்.

– சத்தியமாவா?

– சத்தியமா.

– ஒரு மாசமாச்சுண்ணே நான் கண்ணை மூடித் தூங்கி.

– இனிமே தூங்கும்மா.

– அப்ப அந்தக் குவியல்ல இருந்து ஈர மண்ணை அள்ளிப் போட்டது யாரு?

– நான்தாம்மா.

– நீங்களா?

– நான்தான் சட்டியில அள்ளியாந்து ரொப்புனேன். வாயில அடிக்கற கட்டையில ஆவி போவ ஓட்டை போடணும். அதையும் போடல.

– முந்தின நாளு மழை பெஞ்சுதே. ஈரம்னு உங்களுக்குத் தெரியாதா?

– தெரியும். டில்லிபாபு அவசரப்படுத்துனான். கொஞ்சூண்டு ஈரந்தானே, இன்னா ஆயிடப் போவுதுன்னு நென்ச்சுட்டேன்.

– இது அவுகளுக்குத் தெரியுமா?

– தெரியும். அதான் சைட்டு மண்ணுன்னு சொன்னதோட நிறுத்திக்கினான். என் பேரை உன்னாண்ட சொல்லல. நல்ல மனுசன்.

– நாளைக்கு அந்தத் தாள்ல உங்க பேருதான் இருக்குமா?

– என் பேருதான் இருக்கும். தயங்காம வாசி.

– நாலு தடவை வந்தீக. அவுக பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீக. பைப்புக் கதை பேசுனீக. இங்க ஒருத்தி நான்தான் நான்தான்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டுக் கிடந்தா. ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு மனசு வரல.

– தப்புதாம்மா.

– உங்களுக்காகத்தான் இன்னைக்கு இந்த அடுப்பைப் பத்த வச்சேன்.

– தெரியும்மா.

– அந்தக் கடலைப் பொட்டலத்தை இங்கன வச்சிட்டுப் போங்க.